ஓடுறதா, தண்ணி கொடுக்குறதா?

அடுத்த கேள்வி. வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. "அண்ணா, ஜனவரியில நடக்குற சென்னை மாரத்தான்ல 10 கிலோமீட்டருக்குப் பேர் கொடுக்கலாம்னு நினைக்கிறேன். இதுவரைக்கும் ஓடினதே இல்ல. ஆபீஸ்ல சில பேர் வாலண்டியரா போறாங்க. எனக்கு எது சரிப்படும்?"

ரெண்டுமே நல்லதுதான்னு சொல்லிட்டுப் போயிடலாம். சொல்ல மாட்டேன். இந்தத் தடவை வாலண்டியரா போங்க தம்பி. அதுவும் வழியில ஓடுறவங்களுக்குத் தண்ணி கொடுக்குற மேஜை, அதான் தண்ணி ஸ்டேஷன், அதக் கேட்டு வாங்குங்க. பரிசளிப்பு மேடைப் பக்கம் நின்னா போட்டோதான் மிஞ்சும்.

ஏன்னு சொல்றேன். முன்னாடி ஓடுறவங்களப் பாத்து நாம ஒண்ணும் கத்துக்க முடியாது, கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள போயிடுவாங்க. கடைசி ஒரு மணி நேரம் வர்றாங்க பாருங்க, அவங்கதான் நமக்கு வாத்தியார். முந்தின நாள் வாங்கின புது ஷூவப் போட்டுக் குதிகால்ல கொப்புளத்தோட ஒருத்தர் வருவாரு. காட்டன் டீ-ஷர்ட் நனைஞ்சு தோள்ல கல்லு மாதிரி தொங்கும். முதல் மூணு கிலோமீட்டர் கூட்டத்தோட கூட்டமா பறந்துட்டு, ஏழாவதுல இடுப்புல கைய வச்சு நிக்கிறவங்க எத்தனை பேர்! நம்ம ஊர்ல ஜனவரியிலயும் காத்துல ஈரம் இருக்கும். வேர்வை காய்ஞ்சாதான் உடம்பு குளிரும். இங்க அது காயாது, வழிஞ்சுக்கிட்டே இருக்கும். சூடு உள்ளேயே நிக்கும். இதப் புஸ்தகத்துல படிக்கிறதும், நேர்ல அந்த முகங்களப் பாக்குறதும் வேற வேற.

சரி, வேலை என்னன்னா, கப்ப பாதிதான் நிரப்பணும். வழிய வழிய ஊத்தினா பாதி அவங்க மூக்குலதான் போகும். கப்போட விளிம்ப மேலிருந்து ரெண்டு விரல்ல பிடிச்சு நீட்டணும், அப்பதான் ஓடிக்கிட்டே பிடுங்க முடியும். "தண்ணி, தண்ணி"ன்னு கத்தணும். உப்பு-சர்க்கரைக் கரைசல்னா அதையும் சொல்லிக் கத்தணும், இல்லன்னா வாங்கித் தலையில ஊத்திக்குவாங்க. சிரிக்காதீங்க, நடந்திருக்கு! எல்லாரும் முதல் மேஜையிலயே முட்டுவாங்க, "முன்னாடி இன்னும் இருக்கு"ன்னு தள்ளி விடணும். வாழைப்பழத் தோல உடனே பொறுக்கணும்.

இன்னொண்ணு. பாசத்துல "இன்னும் ஒரு கப் குடிங்க சார்"னு திணிக்காதீங்க. மணிக்கணக்கா ஓடிக்கிட்டு வெறும் தண்ணியாவே அளவுக்கு மீறிக் குடிச்சா ரத்தத்துல சோடியம் குறையும். தலைவலி, வாந்தி, குழப்பம்னு போயி வலிப்பு வரைக்கும் வரலாம். தாகத்துக்குக் குடிச்சாப் போதும். யாராவது பேச்சு குழறுனா, நீங்களே வைத்தியம் பாக்காம மெடிக்கல் டீமக் கூப்பிடுங்க.

ஒரு பந்தயத்துல எங்க மேஜையில, கடைசி நூறு பேர் வர்றதுக்கு முன்னாடியே தண்ணி தீர்ந்துபோச்சு. வேகமா வந்தவங்க ஆளுக்கு ரெண்டு கப் எடுத்திருந்தாங்க, நாங்களும் தாராளமாக் கொடுத்தோம். பக்கத்து டீக்கடையில கெஞ்சி ஒரு கேன் வாங்கினோம். அன்னையிலேருந்து கடைசி ஆளுங்களுக்குன்னு ரெண்டு கேன மேஜைக்கடியில ஒளிச்சு வச்சுடுவேன்.

முடிக்கிற இடத்துல நின்னீங்கன்னா சண்டை வரும். "10-ன்னு சொன்னீங்க, என் வாட்ச் 10.2 காட்டுது!" பாதைய அளக்குறவங்க வளைவுகள்ல ஆகக் குறுகின கோட்டுலதான் அளப்பாங்க. நாம கூட்டத்த ஒதுக்கி ஒதுக்கி வெளிவட்டமா ஓடுவோம். ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அவ்வளவுதான்.

ஆபீஸ்ல யாராவது "எனக்கு வர முடியல, என் பிப்ப மாட்டிக்கிட்டு நீ ஓடு"ன்னு சொன்னா வாங்காதீங்க. பிப்னா நெஞ்சுல குத்திக்கிற நம்பர் அட்டை. அந்த நம்பர வச்சுத்தான் மெடிக்கல் டீம் பேரு, ரத்த வகை, வீட்டு நம்பர் எல்லாம் தேடும். மயங்கி விழுந்தது நீங்க, போன் போறது அவங்க வீட்டுக்கு.

வாலண்டியர் வேலை முடிஞ்சப்புறம் மெரினா கலங்கரை விளக்கத்துலேருந்து நேப்பியர் பாலம் பக்கமா, காலையில அஞ்சரை மணிக்கு, ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடைன்னு ஆரம்பிங்க. நிக்காம 5 கிலோமீட்டர் வந்ததும் 10-க்குப் பேர் கொடுங்க.

பின்குறிப்பா, வாலண்டியர் டீ-ஷர்ட் கொடுப்பாங்களான்னும் கேட்டிருக்காரு. அனேகமாக் கொடுப்பாங்க தம்பி. சைஸுக்கு நான் பொறுப்பில்ல.