கத்தத் தெரிந்தவர்கள் பாடிய தாலாட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

தொட்டிலுக்கு மேலே கட்டித் தொங்கவிடும் பொம்மையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாவி கொடுத்தால் மெல்லச் சுற்றும். உள்ளேயிருந்து டிங் டிங்கென்று ஒரு மெட்டு வரும், சாவி தளரத் தளர மெட்டும் தளர்ந்து நின்றுவிடும். உங்கள் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டிலாவது கேட்டிருப்பீர்கள். அந்த மெட்டை ஒரு ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

இன்று நான் பேச வந்தது ஒரே ஒரு பாட்டைப் பற்றி. பாட்டின் பெயர் 'சைலன்ட் லூசிடிட்டி'. பாடியவர்கள் குயின்ஸ்ரைக் என்ற அமெரிக்கக் குழு. சியாட்டில் நகரத்துக்குப் பக்கத்தில் பெல்வியூ என்று ஓர் ஊர், அங்கே சேர்ந்த ஐந்து பேர். ப்ரொக்ரெசிவ் மெட்டல் என்று ஓர் இசைவகை உண்டு. கேட்டுப் பழகாதவர்களுக்கு இப்படிச் சொல்கிறேன்: கித்தார் இடி மாதிரி இறங்கும். பாட்டுக்குக் கால் தட்டிக்கொண்டே இருப்பீர்கள், நாலு நாலாகத் தட்டிய கால் திடீரென்று ஏழுக்கு மாற வேண்டியிருக்கும். பாடுகிறவர் உச்சத்துக்குப் போய் அங்கேயே நிற்பார். அந்த வகையை உருவாக்கியவர்களில் குயின்ஸ்ரைக் முக்கியமானவர்கள். பாடகர் ஜெஃப் டேட் உச்சக் குரலுக்குப் பேர்போனவர்.

அவர்கள் 1988-இல் 'ஆபரேஷன்: மைண்ட்கிரைம்' என்று ஓர் ஆல்பம் போட்டார்கள். முழு ஆல்பமும் ஒரே கதை. போதைக்கு அடிமையான நிக்கி என்ற இளைஞன், அவனைக் கொலைக்கருவியாக்கும் ஒரு டாக்டர், நடுவில் ஒரு கன்னியாஸ்திரி. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, யார் யாரைக் கொன்றார்கள் என்று விவாதித்துக் கேட்ட ரசிகர்கள் அவர்களுடையவர்கள். கூர்ந்து கேட்கப் பழகியவர்கள். இதை மறந்துவிடாதீர்கள், கூர்ந்து கேட்கப் பழகியவர்கள்.

அடுத்த ஆல்பம் 'எம்பயர்', 1990. அதில் எட்டாவது பாட்டாக ஒரு தாலாட்டு வருகிறது.

ஆமாம், தாலாட்டேதான். அக்கூஸ்டிக் கித்தாரில் ஒவ்வொரு தந்தியாக விரலால் மீட்டுகிறார்கள். ஜெஃப் டேட்டின் குரல் அடியிலேயே, கிட்டத்தட்ட காதோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. கெட்ட கனவு கண்டு விழித்த குழந்தையிடம் ஒரு பெரியவர் பேசுகிறார். அழாதே, அது போய்விட்டது, நான் இங்கேதான் இருக்கிறேன், உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்கிற மாதிரியான பேச்சு. நடுவில் ஒரு குரல் கிசுகிசுவென்று கனவை எப்படி வசப்படுத்துவது என்று சொல்லித்தருகிறது. பின்னணியில் வயலின்களும், வயலினைவிடப் பெரிதாய் அடிக்குரலில் ஒலிக்கும் செலோக்களும் மெல்ல எழுகின்றன.

எழுதியவர் குழுவின் கித்தார்க்காரர் கிறிஸ் டிகார்மோ. முதலில் அவரிடம் இருந்தது வெறும் கித்தாரும் குரலும்தான். ஆல்பத்தில் இடம்பெறாமலே போயிருக்க வேண்டிய பாட்டு. பிறகுதான் வாத்தியக் குழுவுக்கான இசையை மைக்கேல் கேமன் எழுதினார். பிங்க் ஃபிளாயிட் குழுவின் 'தி வால்' ஆல்பத்துக்கு எழுதியவர் அவர். பின்னாளில், 1999-இல், மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவையும் சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பனி வாத்தியக் குழுவையும் ஒரே மேடையில் சேர்த்து நடத்தியவரும் அவரே.

பாட்டு 1991-இல் அமெரிக்க வானொலிகளைப் பிடித்துக்கொண்டது. பில்போர்டு ஹாட் 100 என்ற பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் ஒன்பதாம் இடம். அவர்களுடைய வேறெந்தப் பாட்டும் அந்த முதல் பத்துக்குள் வந்ததில்லை. அதே ஆண்டு எம்டிவி விருதுகளில், பார்வையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருதும் இந்தப் பாட்டுக்குத்தான் போனது.

ரசிகர்களுக்குள் பிளவு வந்தது. முதல் இசைத்தட்டு வந்த 1983-இலிருந்து கூட வந்தவர்களில் பலருக்கு மனத்தாங்கல். வானொலிக்காக வளைந்துகொடுத்துவிட்டார்கள், எங்கள் குழுவை எங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்றார்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது. எவரும் சீண்டாத காலத்தில் நாம் மட்டும் கொண்டாடிய ஒன்றை ஊரே கொண்டாடும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவர்கள் சொன்னதை நான் ஒப்புக்கொள்வதில்லை. என்ன நடந்தது பாருங்கள். அந்தச் சுற்றுப்பயணத்திலேயே குயின்ஸ்ரைக் மேடையில் 'மைண்ட்கிரைம்' முழுவதையும் முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார்கள். விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் 1991-இல் வாசித்ததுதான் பதிவாக இன்றும் கிடைக்கிறது. தாலாட்டைக் கேட்டுவிட்டு டிக்கெட் வாங்கியவர்களுக்கு முழுக் கொலைக் கதை கிடைத்தது. வளைந்துகொடுத்தவர்கள் அப்படிச் செய்வார்களா?

நான் இந்தப் பாட்டை எப்படிக் கேட்டேன் என்று சொல்கிறேன். இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தேன். அறைத்தோழன் மெட்டல் பைத்தியம். யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததை யாரோ பதிந்து, அதிலிருந்து இன்னொருவர் பதிந்து, கடைசியில் அவன் கைக்கு வந்த கலவைக் கேசட் ஒன்று. மேல்பக்கத்தின் கடைசிப் பாட்டு இது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மற்ற பாட்டையெல்லாம் ஓட்டித் தள்ளிவிட்டு இதை மட்டும் கேட்பான். முடிவதற்கு முன்பே டேப் தீர்ந்து டக்கென்று பொத்தான் எழும்பிவிடும். பென்சிலைப் போட்டுச் சுற்றுவான், மறுபடி கேட்பான். அவன் அம்மா அதற்கு முந்தின வருடம் இறந்திருந்தார். பாடுவது போனவர்கள்தான் என்று அவன் நம்பினான். போனவர், இருக்கிற பிள்ளையிடம், நான் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்வதாக.

சில வருடங்கள் கழித்து டிகார்மோ சொன்னதை ஒரு பத்திரிகையில் படித்தேன். பாட்டு சாவைப் பற்றியதே இல்லை. கனவுக்குள் இருக்கும்போதே 'இது கனவு' என்று தெரிந்துகொள்வது, தெரிந்துகொண்டு அதை நம் இஷ்டத்துக்குத் திருப்புவது, அதைப் பற்றியது. ஒரு புத்தகம் படித்ததில் வந்த யோசனை. நான் உடனே தோழனுக்குப் போன் போட்டேன். "டேய், நாம தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்டா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவருக்கு அது கனவு. எனக்கு எங்கம்மா. விடு மாப்ள," என்றான்.

அவன் தனி ஆள் இல்லை என்று பிறகு தெரிந்தது. எங்கோ அமெரிக்காவில், ஐரோப்பாவில், இறுதிச் சடங்கில் இந்தப் பாட்டை வைத்தவர்கள் உண்டு. அப்பா போன பிறகு இதைக் கேட்கவே முடியவில்லை என்றவர்கள் உண்டு. இதையே பாடிப் பிள்ளையைத் தூங்கவைத்தவர்களும் உண்டு. பாட்டைத் தப்பாகக் கேட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூர்ந்து கேட்கப் பழகியவர்கள் என்றேன் அல்லவா? ஒரு மணி நேரக் கதையை வரி வரியாகத் துருவியவர்கள், இந்த ஐந்தே முக்கால் நிமிடத்தையும் அப்படித்தான் துருவினார்கள். யார் பேசுகிறார், ஏன் அருகில் வராமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார், ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறார்? அந்தக் கேள்விகளுக்குச் சாவு ஒரு நியாயமான பதில். இன்னொன்று, இடியைக் கேட்டுப் பழகிய காதுக்குத்தான் மழை விட்ட பிறகு கூரையிலிருந்து சொட்டுகிற ஒலி கேட்கும். மென்மையான பாட்டு மட்டுமே பாடுகிறவர் இதைப் பாடியிருந்தால் அந்த ரசிகர்கள் அழுதிருப்பார்களா என்பது சந்தேகம். கத்தத் தெரிந்தவர் கத்தாமல் இருக்கிறார். அதுதான் அவர்களை உலுக்கியது.

சரி, அந்தத் தொட்டில் பொம்மைக்கு வருவோம்.

கேசட்டில் எங்களுக்கு வெட்டுப்பட்ட பகுதியை நான் 2001-இல்தான் குறுந்தகட்டில் கேட்டேன். பாட்டு அடங்கிக்கொண்டே போகிறது, கடைசியில் செலோ ஒரு மெட்டை வாசிக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஏனென்றால் அது அந்தப் பொம்மையின் மெட்டு! ஜெர்மானிய இசைமேதை பிராம்ஸ் 1868-இல் எழுதிய தாலாட்டு. கனவு, சாவு என்று நாங்கள் போனில் பேசிக்கொண்டிருந்த காலமெல்லாம், 'இது தாலாட்டு' என்று பாட்டே தன் வாயால் சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் கேட்கவில்லை.

அந்த பிராம்ஸ் மெட்டுக்கும் ஒரு கதை உண்டு. அவருக்கு இளமையில் ஹாம்பர்க்கில் ஒரு சிநேகிதி, பெர்தா. வியன்னாக்காரர். பிராம்ஸ் நடத்திய பெண்கள் பாடல் குழுவில் பாடியவர், தம் ஊர்க் காதல் பாட்டு ஒன்றை அவருக்குப் பாடிக்காட்டுவார். பிறகு பெர்தா வேறொருவரை மணந்துகொண்டு இரண்டாவது மகனைப் பெற்றபோது, பிராம்ஸ் எழுதிக் கொடுத்ததுதான் இந்தத் தாலாட்டு. பாடுகிற மெட்டு தாலாட்டு. அடியில் பியானோவுக்குள் அவர் ஒளித்துவைத்தது பெர்தா அன்று பாடிக்காட்டிய அந்தக் காதல் பாட்டு. தாய் பிள்ளைக்குப் பாடும்போது, தாய்க்கும் ஒன்று பாடப்படுகிறது! அதைக் கேட்பவர் யாருக்குத் தெரியும்? பெர்தாவுக்குத் தெரியும். அது போதும் என்று நினைத்திருக்கிறார். டிகார்மோ பாட்டுக்குள்ளே பிராம்ஸ், பிராம்ஸுக்குள்ளே பெர்தா. ஒரு தாலாட்டுக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று.

தயாரிப்பாளர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விரலைக் காட்டுகிறார். 1992-இல் எம்டிவி அன்பிளக்ட் மேடையில் அவர்கள் இதைப் பாடியதைப் பற்றிப் பேசவேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை. டிகார்மோ தொண்ணூறுகளின் கடைசியில் குழுவை விட்டு விலகி, ஜெட் விமானம் ஓட்டும் விமானி ஆனார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து அந்தப் பாட்டை ஒலிபரப்புகிறார்கள். எந்த நிலையத்திலும் பாட்டின் வாலில் அறிவிப்பாளர் குரல் ஏறிவிடும், செலோ அதற்குள் அடிபட்டுப்போகும். இன்று அப்படி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், இவர்களும் சரி என்றிருக்கிறார்கள். திருச்சி அறைத்தோழனும் இப்போது எங்கோ ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், நேற்றே சொல்லிவிட்டேன். கடைசி வரை கேள்டா.

வணக்கம்.