விதைநெல் வாளியில முட்டை எதுக்கு?

[காட்சி: வாளியில் பத்து லிட்டர் தண்ணீர். ஒரு கை கோழிமுட்டையை உள்ளே விடுகிறது. அது அடியில் போய்ப் படுக்கிறது.]

குரல்: நாத்து விடுறதுக்கு முன்னாடி விதைநெல்லை உப்புத் தண்ணியில போட்டுப் பிரிப்பாங்க. அந்தத் தண்ணி பதமா இருக்கான்னு சொல்றது இந்த முட்டைதான்.

கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக் கலக்குங்க. ஒன்றரை கிலோ வரைக்கும்கூட இழுக்கும். முட்டை மெல்ல எழும்பி, நாலணா அளவுக்கு மேல தெரிஞ்சா நிறுத்திடலாம். நாலணா 2011-லயே செல்லாமப் போச்சு, ஆனா வயல்ல அளவு சொல்ல இன்னும் அதுதான்.

[திரையில்: 55 கிராம், 51 மில்லி]

முட்டையோட எடை 55 கிராம், அது அடைக்கிற இடம் 51 மில்லின்னு வச்சுக்குவோம். உள்ள போனதும் அதே 51 மில்லி தண்ணியை விலக்கும். விலகின தண்ணியோட எடை எவ்வளவோ, அவ்வளவு விசையில தண்ணி முட்டையை மேல தள்ளும். நல்ல தண்ணி 51 மில்லின்னா 51 கிராம்தான். 55 கிராமைத் தாங்கப் பத்தாது. உப்பு கரையக் கரைய ஒரு மில்லியோட எடை 1.08 கிராமைத் தாண்டும்போது, முட்டை மேல வந்துடும். ஒரு மில்லிக்கு எத்தனை கிராம்ங்கிறதுதான் அடர்த்தி.

[காட்சி: முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டுகிறார்கள்.]

வெறும் பதர் நல்ல தண்ணியிலயே மிதந்துடும். தொல்லை எல்லாம் அரைகுறையா மணி பிடிச்ச நெல்லாலதான். உமிக்குள்ள காத்து நிக்கிறதால அது தண்ணியை விடக் கொஞ்சம்தான் கனம். நல்ல தண்ணியில முத்தின நெல்லோட சேர்ந்து அதுவும் அடிக்குப் போயிடும். உப்புத் தண்ணியோ அதை மேல தள்ளிடுது. பாருங்க, எவ்வளவு மிதக்குது! இத்தனையும் நாத்தங்காலுக்குப் போயிருந்தா பாதி முளைக்காது, முளைச்சதும் சவலையா நிக்கும்.

ஒண்ணு முக்கியம்: முட்டை புதுசா இருக்கணும். நாள்பட்ட முட்டையில ஓடு வழியா ஈரம் போய் உள்ள காத்தறை பெருசாகும். அளவு அதேதான், எடை குறைஞ்சிருக்கும். உப்பு பத்தாத தண்ணியிலயே அது மிதக்கும், நீங்களும் பதம் வந்துடுச்சுன்னு நெல்லைக் கொட்டிடுவீங்க.

மிதக்கிறதை அரிச்சு எடுத்துடுங்க. அடியில தங்கின விதையை உடனே நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசுங்க. உப்பு ஒட்டியிருந்தா முளைப்பு கெடும்.