வீடியோவை எப்போது நிறுத்துவது?

எல்லோருக்கும் வணக்கம். வருங்கால ஆசிரியர்களாகப் பள்ளிப் பயிற்சியை முடித்துவிட்டு இப்போதுதான் கல்லூரிக்குத் திரும்பியிருக்கிறோம், வகுப்பறையில் தொழில்நுட்பம் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு அதில் ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல இருக்கிறது. ஸ்மார்ட் போர்டை எந்த நொடியில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அது உண்மையில் பயன்படும்.

நான் பயிற்சிக்குப் போன பள்ளியில் பத்தாம் வகுப்பு அறிவியல், விலங்குகளின் சுற்றோட்டம். வழிகாட்டி ஆசிரியை ஒரு அனிமேஷன் போட்டார். நன்றாகவே இருந்தது, இதயத்தின் நான்கு அறைகளும் சுருங்கி விரிய, ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக ரத்தம் ஓடியது. பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், நிஜமாவே நீல ரத்தம் இருக்கா? என் கையில நரம்புகூட நீலமாத்தான் தெரியுது" என்றான். அவர் உடனே வீடியோவை நிறுத்தினார். உடம்பில் நீல ரத்தம் என்று ஒன்று கிடையாது, ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் கருஞ்சிவப்புதான், தோலின் வழியே ஒளி போய்த் திரும்புகிற விதத்தில்தான் சிரை நீலமாகத் தெரிகிறது, படத்தில் நீலம் அடித்திருப்பது நமக்குப் பிரித்துக் காட்டத்தான் என்று விளக்கினார். சரி, இதோடு வீடியோவைத் தொடர்வார் என்று நினைத்தேன். தொடரவில்லை. எல்லோரையும் மணிக்கட்டில் விரல் வைக்கச் சொன்னார், பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினார்கள், அப்புறம் வகுப்பே எழுந்து இருபது தோப்புக்கரணம் போட்டுவிட்டு மூச்சு வாங்க மறுபடி எண்ணியது. எண்பது சொன்னவர்கள் நூறைத் தாண்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு அதே வீடியோவைப் போட்டபோது பிள்ளைகள் பார்த்த பார்வையே வேறு. அந்த இதயம் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருப்பது என்று தெரிந்துவிட்டது.

ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ல் எழுதியபோது அவர் கையில் பெரிய கருவி எதுவும் இல்லை. மேல்கையைத் துணியால் இறுகக் கட்டி, புடைத்த சிரையை விரலால் நீவிப் பார்த்து, ரத்தம் இதயத்தை நோக்கி ஒரு திசையில்தான் போகிறது என்று காட்டினார். தமனியையும் சிரையையும் இணைக்கிற தந்துகிகளை அவரால் பார்க்க முடியவில்லை, அதற்கு நுண்ணோக்கி வேண்டியிருந்தது, 1661-ல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலில் அவற்றைக் கண்டார். விரலும் வேண்டும், நுண்ணோக்கியும் வேண்டும். எது எப்போது என்பதை முடிவு செய்யத்தான் ஆசிரியர்.

கருவிக்கு நம்மிடம் பெரிய பஞ்சம் இல்லை. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு இருக்கிறது, 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஆனால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் 2021 நவம்பரில்தான் திரும்ப வந்தார்கள், இடையில் வீட்டில் இருந்த ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப்போக, பாடத்தை எதில் பார்ப்பது என்று தெரியாமல் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள்! அப்போது தெருத் திண்ணையிலும் மரத்தடியிலும் போய் உட்கார்ந்து பாடம் நடத்திய ஆசிரியர்கள் இருந்தார்கள். சூழலுக்கு ஏற்ப மாறுவது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்கள்தான்.

இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டால் நாற்பது நிமிட வகுப்புக்குப் பாடக்குறிப்பு நொடியில் வந்துவிடும். நானும் வாங்கிப் பார்த்திருக்கிறேன், வினாக்கள் தயாரிக்க நல்ல உதவி. ஆனால் பின்வரிசைப் பையன் நீல ரத்தம் பற்றிக் கேட்கப் போகிறான் என்பது அதற்குத் தெரியாது, கேட்டபின் பாடக்குறிப்பை மூடிவைக்கிற துணிச்சலும் நமக்குத்தான் வேண்டும்.

அந்தத் துணிச்சல் எங்களுக்கு இன்னும் வரவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் மதிப்பெண். வகுப்பைப் பார்வையிட வருகிறவர் குறிப்பேட்டில் எழுதியபடி நடந்ததா, துணைக்கருவி பயன்படுத்தினோமா என்று பார்க்கிறார். ஒரு மாணவியின் கேள்விக்காக வழியை மாற்றினால் "பாடம் முடியவில்லை" என்று மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற பயத்திலேயே, நல்ல கேள்வியைக்கூட "அப்புறம் பார்க்கலாம், உட்கார்" என்று தள்ளிவிடுகிறோம். இங்கே இருக்கும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த அணி பயிற்சிக்குப் போகும்போது அந்த மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரி சேருங்கள்: மாணவர் கேட்டதற்காகப் பயிற்சி ஆசிரியர் பாடத்தை எங்கே மாற்றினார், ஏன் மாற்றினார். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். நன்றி.