அத்தை விட்டுச் சென்ற குத்துவிளக்கு

நேயர்களுக்கு என் வணக்கம்.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழ்ந்து மறைந்த என் அத்தை, தமக்குப் பின் எனக்கென்று சொல்லி வைத்திருந்த ஒரு குத்துவிளக்கு, சென்ற ஆண்டு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கோணிப்பையில் சுற்றி வந்த அந்த விளக்கின் மேல் எண்ணெய்ப் பிசுக்கும் களிம்பும் ஏறியிருந்தன. பார்த்தவர்கள் எல்லோரும் இரண்டு கேள்விகளைத்தான் கேட்டார்கள்: எத்தனை வருஷத்து விளக்கு, என்ன விலை போகும்? கூடவே ஒரு யோசனையும் சொன்னார்கள். கடையில் கொடுத்துப் பாலிஷ் போட்டால் பொன்னாக மின்னும் என்பதே அந்த யோசனை. அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தரக்கூடிய சான்றுகள் அனைத்தையும் அந்த யோசனை அழித்துவிடும் என்பதை எடுத்துச் சொல்லவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

முதலில் உலோகத்தைப் பார்க்க வேண்டும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. வெண்கலத்தை விரலால் சுண்டினால் நாதம் நீண்டு ஒலிக்கும். பித்தளையின் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். ஒரு சிறு காந்தத்தை விளக்கின் மேல் ஓட்டிப் பார்த்தால், இரும்பின் மேல் பித்தளை முலாம் பூசிய போலி அப்போதே வெளிப்பட்டுவிடும். இவை ஐந்து நிமிட வேலைகள்.

அடுத்தது, விளக்கைக் கழற்றிப் பார்ப்பது. கும்பகோணத்துக்கு அருகில் உள்ள நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள பத்தர்கள் எனப்படும் உலோகக் கைவினைஞர்கள் காவிரிப் படுகையின் வண்டல் மண்ணில் அச்செடுத்து, அடிப்பாகம், தண்டு, எண்ணெய் ஊற்றும் அகல், உச்சியில் அமரும் பிரபை எனத் தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரை வெட்டிப் பொருத்துகிறார்கள். எனவே ஒரு குத்துவிளக்கைப் பார்ப்பதென்றால் அதன் உறுப்புகள் ஒவ்வொன்றையும் தனியே பார்ப்பதென்று பொருள். மரை இறுகியிருந்தால் இடுக்கி போட்டுத் திருகாதீர்கள். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்திருந்தால் பெரும்பாலும் இளகிவிடும். கையால் வெட்டிய மரையின் சுற்றுகள் சீராக இருப்பதில்லை; இயந்திரத்தில் வெட்டியவை ஒரே அளவாக இருக்கும். மரையில் மட்டுமின்றி நிறத்திலும் வேறுபாடு தெரிந்தால், அந்த உறுப்பு பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்று கொள்ளலாம். அதிகமாகத் தொலைந்துபோவது பிரபையாக உச்சியில் அமரும் அன்னம்தான்.

அடிப்பாகத்தைக் கவிழ்த்து உட்புறத்தையும் பாருங்கள். யாரும் துலக்காத அந்தக் குழிவில்தான் விளக்கின் உண்மையான நிறம் இருக்கும். நெடுங்காலம் புழங்கிய விளக்கில், கை படும் இடங்கள் தேய்ந்து வழவழப்பாகவும், கை எட்டாத இடுக்குகள் கருத்தும் இருக்கும். திரி நிற்கும் மூக்குகள் சற்றே மழுங்கியிருக்கும். அமிலம் பூசிப் பழமையாக்கிய புது விளக்கில் கருமை எங்கும் ஒரே சீராகப் படர்ந்திருக்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேறுபாடு தெரியாது.

இனி, எழுத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் சீர்வரிசைப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் உண்டல்லவா? அந்தப் பெயரைவிட நம்பகமான சாட்சி வேறில்லை. திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில், கையில் விளக்கேந்திய பெண் வடிவிலான ஒரு பாவை விளக்கு இருக்கிறது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துப் பெண் ஒருவர் தம் வேண்டுதல் நிறைவேறியதற்காக 1853-ஆம் ஆண்டில் அளித்தது என்பதை அதன் பீடத்தில் உள்ள எழுத்தைக் கொண்டே அறிகிறோம். அந்த எழுத்து இல்லையென்றால் அதுவும் பெயரறியாத ஓர் அழகிய சிலையாக மட்டுமே நின்றிருக்கும்.

என் அத்தையின் விளக்கில் எழுத்து இருப்பது முதலில் என் கண்ணுக்குப் படவில்லை. மெல்லிய துணியால் பிசுக்கை ஒற்றி எடுத்துவிட்டு, இரவில் அறை விளக்கை அணைத்து, டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தபோது, அடிப்பாகத்தின் விளிம்பில் புள்ளி புள்ளியாகக் கொத்திய ஒரு வரி நிழலோடு எழுந்து வந்தது. அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் இலேசாகத் தேய்த்துப் படியெடுத்தேன். ஒரு பெண்ணின் பெயர். அடுத்து, 'பிலவ வருஷம் தை மாதம்'. அதன் பின் தமிழ் எண்ணில் மூன்று, 'வீசை' என்னும் பழைய எடை அளவுச் சொல்.

அந்தப் பெயரில் இருந்த 'னா' பழைய சுழி வடிவத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகள் இன்றைய வடிவம் பெற்றது 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்குப் பிறகுதான். ஆகவே பழைய வடிவம் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது என்று கருதலாம். முதியவர்கள் கைப்பழக்கத்தால் பின்னும் எழுதியிருக்கக்கூடும் என்பதால் இந்தச் சான்றை மட்டும் தனித்து நம்பிவிடக் கூடாது. பிலவ ஆண்டு அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் 1901-இலும் 1961-இலும் அது தொடங்கியது. எனவே தை மாதம் என்றால் 1902 அல்லது 1962. இந்த இரண்டில் எது என்பதற்கு வீசை என்ற சொல் துணைக்கு வந்தது. மெட்ரிக் எடைமுறை 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்துவிட்டது. தமிழ் எண்ணும் அதற்கு வெகு முன்பே பொதுப் புழக்கத்தில் அருகிவிட்டது. வீட்டிலும் விசாரித்தேன். 1962-ஐ ஒட்டி எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரே திருமணம் அத்தையினுடையது. அது நடந்ததோ வைகாசியில். பொறித்திருந்த பெயர் அத்தையின் பாட்டியினுடையது என்று பெரியவர்கள் உறுதிப்படுத்தினார்கள். 1902 என்று முடிவு செய்ய இவ்வளவும் தேவைப்பட்டன.

அந்த வீசைக் கணக்கு வேறொன்றையும் சொல்லிக்கொடுத்தது. ஒரு வீசை என்பது நாற்பது பலம். இன்றைய அளவில் சுமார் 1.42 கிலோ. மூன்று வீசை என்றால் ஏறத்தாழ 4.25 கிலோ வர வேண்டும். தராசில் வைத்தபோது விளக்கு 3.8 கிலோதான் இருந்தது. நூறாண்டுக் காலம் துலக்கினாலும் நானூற்றைம்பது கிராம் தேய்ந்து போகாது. மறுபடி கழற்றிப் பார்த்தேன். உச்சியில் இருந்த அன்னம் உள்ளே கூடாக, எடை குறைந்து, மற்றப் பாகங்களைவிட மஞ்சள் தூக்கலாக இருந்தது. அதன் மரையும் ஒரே சீராக இருந்தது. பழைய அன்னம் எப்போதோ தொலைந்து, புதிது ஒன்று ஏறியிருக்கிறது.

குத்துவிளக்கு ஜோடியாகவே சீர் கொடுக்கப்படும். இதன் ஜோடி எங்கள் குடும்பத்தின் மற்றொரு கிளையில் இருக்கிறது. ஆவலோடு போய்ப் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் இயந்திரச் சக்கரத்தில் கொடுத்துப் பாலிஷ் போட்டிருந்தார்கள். விளிம்பு கண்ணாடி போல இருந்தது, ஓர் எழுத்தும் இல்லை. அதைத் தடவிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. எழுத்துள்ள ஜோடியாக இருந்திருந்தால் அவற்றின் மதிப்பே வேறு. வீட்டில் புளி போட்டுத் துலக்குவதும்கூட அளவோடுதான் இருக்க வேண்டும். புளியில் நெடுநேரம் ஊறவைத்தால் மேற்பரப்பிலுள்ள துத்தநாகம் கரைந்து, செம்பு மேலோங்கி, பித்தளை இளஞ்சிவப்பாக வெளுத்துவிடும்.

விலை என்று கேட்டால், ஒரே விளக்குக்கு மூன்று விலைகள் உண்டு. எடைக்குப் போட்டால் கிடைக்கும் பழைய பித்தளை விலை முதலாவது. எவர்சில்வர் வந்த காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் இந்த விலைக்குத்தான் தங்கள் பித்தளையையும் வெண்கலத்தையும் மாற்றிக்கொண்டன. அதே எடையில் புது விளக்கு வாங்க ஆகும் செலவு, அதாவது உலோகமும் செய்கூலியும் சேர்ந்தது, இரண்டாவது. பழமையை அறிந்து சேகரிப்பவர் தரும் விலை மூன்றாவது. அது வேலைப்பாட்டையும், உறுப்புகள் மூலத்தோடு ஒத்திருப்பதையும், ஜோடியையும், எழுத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். வாங்க வந்திருப்பவரிடமே மதிப்புக் கேட்பது முறையன்று. சொத்துப் பிரிக்கும்போதும் உடன்பிறந்தார் நடுவே எந்த விலையைக் கொண்டு கணக்கிடுகிறோம் என்பதை முதலிலேயே பேசிக்கொண்டால் மனத்தாங்கல் வராது.

வெளிநாட்டில் வாழும் நேயர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய இத்தகைய கலைப்பொருள்கள் தொல்பொருள்கள் ஆகும். அவற்றைத் தனியார் எவரும் நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல முடியாது. பாட்டியின் விளக்குதானே என்று பெட்டியில் வைத்துவிடாமல், பழமை ஐயத்துக்கு உரியதாக இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டிச் சான்று பெற்ற பிறகே பயணப்படுங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் அந்த விளக்கை இப்போதும் ஏற்றுகிறோம். எண்ணெய் அகலிலேயே தங்கினால் பச்சைக் களிம்பு பிடிக்கும் என்பதால், மறுநாள் காலையில் துணியால் துடைத்துவிடுகிறோம். நான் எடுத்த படியையும், ஆண்டைக் கணக்கிட்ட விதத்தையும், எடையையும் ஒரு தாளில் எழுதி, விளக்கின் புகைப்படத்தோடு பத்திரங்கள் வைக்கும் பெட்டியில் வைத்திருக்கிறேன். அத்தை வீட்டுப் பரணில் இன்னும் இரண்டு பித்தளை அண்டாக்களும் ஒரு மரப்பெட்டியும் திறக்கப்படாமல் இருக்கின்றன. அடுத்த மாதம் அங்கே போகும்போது, அந்தப் பழைய அன்னம் அவற்றில் எங்காவது கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வணக்கம்.