போதையில் இருக்கும் கையா, பழக்கம் உள்ள ஆளா?

நடுவர் அவர்களுக்கும், பொங்கல் விழாவுக்குக் கூடியிருக்கும் நம் டெக்சாஸ் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். போதைப் பழக்கம் உள்ளவரிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கும் சட்டம், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு முரணானதே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணிச் சகோதரி ஒரு கணக்கு சொன்னார். 2023இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். அதில் பாதிக்கும் மேல் தற்கொலை. போதைக்கு அடிமையானவன் கையில் துப்பாக்கி இருந்தால் முதல் பலி அவனேதான் என்றார். கணக்கு சரி. அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் இந்தச் சட்டம் அந்த மனிதனைத் தேடிப் போகிறதா என்பதுதான் என் கேள்வி.

1968ஆம் ஆண்டின் மத்திய அரசுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவரும், அதற்கு அடிமையானவரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 2022இல் தண்டனையை 15 ஆண்டு வரை உயர்த்திவிட்டார்கள். சரி, ‘பயன்படுத்துபவர்’ என்றால் யார்? தினமும் எடுப்பவரா, தீபாவளிக்குத் தீபாவளி எடுப்பவரா? சட்டத்தில் விளக்கமே கிடையாது. கடந்த ஒரு வருடத்துக்குள் எடுத்த ஒரே ஒரு சோதனையில் தெரிந்தால்கூடப் போதும் என்று, இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் மத்திய அரசுத் துறையின் விதி நெடுங்காலம் சொல்லிவந்தது.

மிசிசிப்பியில் நடந்ததைக் கேளுங்கள். 2022 ஏப்ரல். நம்பர் பிளேட் இல்லை என்று ஒரு வண்டியை நிறுத்துகிறார்கள். கஞ்சா வாசனை வருகிறது. ஆஷ்ட்ரேயில் புகைத்துப் போட்ட சில துண்டுகள். வண்டியில் ஒரு கைத்துப்பாக்கி, ஒரு ரைஃபிள். அவர் யாரையும் மிரட்டவில்லை, சுடவில்லை. அந்த நேரத்தில் போதையில் இருந்தாரா என்று பரிசோதனை செய்யவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. மாதத்தில் சுமார் பதினான்கு நாள் புகைப்பேன் என்று அவரே சொன்னார். அதை வைத்துக் கிட்டத்தட்ட நான்கு வருடச் சிறை! அவர் தெளிவாக இருந்தாரா இல்லையா என்பதே அந்த வழக்கில் தேவைப்படாத விஷயமாகப் போயிற்று. நம் டெக்சாஸுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பி மறுபடி பார்க்கச் சொன்னது. 2025 ஜனவரியில் ஐந்தாம் வட்ட நீதிமன்றம் மறுபடியும் ரத்து செய்தது.

ஏன் ரத்து? துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் இந்த நாட்டின் பழைய சட்ட மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. அப்படியானால் பழைய ஏட்டைப் புரட்டுவோம். 1655இல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம். குடிக்கூட்டத்தில் துப்பாக்கியை வெடிக்காதே. வெடிமருந்தும் வீணாகிறது, அபாயத்துக்கு வெடிக்கும் எச்சரிக்கை வேட்டு எது, கும்மாளம் எது என்றும் தெரியவில்லை. அதிலும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் விலக்கு! நியூயார்க்கில் 1771இல் வந்த சட்டம், புத்தாண்டை ஒட்டிய மூன்று நாளும் குடித்துவிட்டு வீடுவீடாகப் போய்ச் சுடுகிறார்களே என்று அந்த நாட்களில் சுடுவதைத்தான் தடுத்தது. கான்சாஸ் 1867இல் சொன்னதும், போதையில் இருக்கும்போது ஆயுதம் ஏந்தாதே என்பதுதான். குடிக்கிறவன் வீட்டுக்குள் போய், அவன் தெளிந்து உட்கார்ந்திருக்கும் காலை நேரத்தில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வரச் சொல்லவில்லை.

இன்றைக்கும் அப்படித்தானே? தினமும் ஒரு பாட்டில் விஸ்கி குடிப்பவர் வீட்டுத் துப்பாக்கியை இந்தச் சட்டம் தொடாது. புற்றுநோய் வலிக்காக மாநில அரசே கொடுத்த அட்டையைக் காட்டி மருத்துவக் கஞ்சா வாங்கும் ஒரு பாட்டியின் துப்பாக்கியைத் தொடும். இதைத்தான் ஃப்ளோரிடா நோயாளிகள் நீதிமன்றத்தில் கேட்டார்கள். அந்தப் பாட்டியை ஆபத்தானவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

எதிரணித் தலைவர், “மனநலம் குன்றியவரையும் மொடாக்குடியரையும் அந்தக் காலத்திலேயே அடைத்துவைத்தார்களே” என்று கேட்டார். அடைத்தார்கள் ஐயா. ஆனால் ஒருவர், ஒரு நீதிபதியோ அதிகாரியோ, அந்த ஆளைக் குறித்து விசாரித்துத்தான் அடைத்தார். 2024இல், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணை பெற்றிருந்த ரஹிமி என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் துப்பாக்கியைப் பறித்தது சரி என்றது. எங்கள் அணிக்கும் அந்தத் தீர்ப்பு சம்மதம். ஏனென்றால், அந்த மனிதரால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்று நீதிமன்றம் முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. மிசிசிப்பிக்காரரைப் பற்றி அப்படி யார் முடிவு செய்தார்கள்? ஆஷ்ட்ரேயா?

சகோதரிக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் கவலைப்படும் அந்த மனிதர், வாழ்வில் பிடிப்பு விட்டுப்போய், போதையோடு தனியாக அறையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரைக் காப்பாற்றத்தான் வேண்டும். அவர் டாக்டரிடம் வாய் திறந்து “எனக்குப் பழக்கம் இருக்கிறது” என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் 15 வருடம் வரை உள்ளே போகலாம் என்று அவர் பயந்தால் சொல்வாரா? வீட்டார்தான் சொல்ல விடுவார்களா?

நடுவர் அவர்களே, போதையில் துப்பாக்கி ஏந்தினால் பிடுங்குங்கள், நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம். தெளிவாக இருக்கும் ஒருவரிடமிருந்து பிடுங்க வேண்டுமென்றால், முதலில் அவரை ஒரு நீதிபதி முன்னால் நிறுத்திப் பேச விடுங்கள்.