சேராத எலும்பும் குருத்தணுவும்

நேயர்களுக்கு வணக்கம். மழைக்காலத்தில் தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டு வருபவர்களைப் பார்க்காத எலும்பு மருத்துவர் நீலகிரியில் இருக்க முடியாது. தோல் கிழிந்தால் தழும்பு விழும். எலும்போ முறிந்த இடத்திலும் எலும்பாகவே மீண்டும் வளரும் தன்மையுடையது என்பதால், அவர்களில் பெரும்பாலோர் நல்லபடியாக நடந்து போகிறார்கள். சிலருக்கு மட்டும் மாதக்கணக்கானாலும் எலும்பு சேர்வதில்லை. முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் அடிப்பகுதியில் இது அதிகம். அங்கே முன்புறம் தசையின் போர்வை இல்லை, ரத்த ஓட்டமும் குறைவு.

குன்னூர்ப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, ஒன்பது மாதமாகியும் சேராத காலின் எக்ஸ்ரே படத்தோடு, நகரத்து மருத்துவமனை ஒன்றின் துண்டுப் பிரசுரத்தையும் என் மேசைமீது வைத்தார். ஸ்டெம் செல் ஊசி ஒன்று போட்டால் எலும்பு முளைக்கும் என்று அதில் அச்சிட்டிருந்தது. "செயினை அடகு வெச்சுப் போட்டுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார்.

ஸ்டெம் செல் என்பது வேறு வகை உயிரணுக்களாக மாறி வளரவல்ல மூல உயிரணு. அதைத் தமிழில் குருத்தணு என்கிறோம். எலும்பு மஜ்ஜைக்குள் எலும்பை உண்டாக்கவல்ல அணுக்கள் உண்டு என்பதை 1960களில் சோவியத் அறிவியலாளர் ஃப்ரீடன்ஸ்டைன் காட்டினார். சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்புத்துண்டைத் தசைக்குள் வைத்தாலும் அங்கே புது எலும்பு தோன்றுகிறது என்று 1965இல் அமெரிக்க மருத்துவர் யூரிஸ்ட் வெளியிட்டார். எலும்பை வளரத் தூண்டும் புரதங்கள் அந்த வழியில்தான் தெரியவந்தன. ஆகவே துண்டுப் பிரசுரத்தின் அடிப்படை பொய்யல்ல.

ஆனால் மஜ்ஜையில் பத்தாயிரம் அணுக்களுக்கு ஒன்றுகூடக் குருத்தணுவாக இருப்பதில்லை. பிரான்சில் ஹெர்னிகு என்ற அறுவை மருத்துவர், சேராத கால் எலும்புள்ள 60 பேருக்கு, அவரவர் இடுப்பெலும்பின் மஜ்ஜையையே செறிவூட்டி ஊசிமூலம் செலுத்தி, 2005இல் முடிவை வெளியிட்டார். 53 பேருக்கு எலும்பு சேர்ந்தது. சேராத ஏழு பேருக்கும் செலுத்திய மஜ்ஜையில் குருத்தணுக்கள் குறைவாக இருந்தன. எத்தனை அணுக்கள் உள்ளே போயின என்று சொல்ல முடியாத ஊசியை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

எலும்பில் பெரிய இடைவெளி விழுந்துவிட்டால் அணுக்கள் மட்டும் போதா. அவை பற்றி ஏறுவதற்குச் சாரம் வேண்டும். கட்டட வேலைக்குக் கட்டுகிறோமே, அதே சாரந்தான். எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட், உயிரிக் கண்ணாடி ஆகியவற்றால் அதைச் செய்கிறார்கள். ரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்து போகும் அளவுக்கு நுண்துளைகள் இருக்க வேண்டும். புது எலும்பு வரவர, சாரம் கரைந்து வழிவிடுவது நல்லது. விரைவில் கரைந்தால் இடைவெளி மிஞ்சும், கரையவே மறுத்தால் புது எலும்புக்கு இடமிராது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் ஹைட்ராக்சிஅபடைட்டோடு சிலிக்கா சேர்ந்த பீங்கான் வகையைச் செய்து, ஆட்டின் தொடையெலும்பில் 2 சென்டிமீட்டர் இடைவெளியை அதன் சொந்த அணுக்களோடு நிரப்பிச் சோதித்திருக்கிறார்கள்.

அணுவும் சாரமும் புரதமும் இருந்தாலும் முறிவு அசைந்துகொண்டிருந்தால் பயனில்லை. மண் சரியும் மேட்டில் தடுப்புச் சுவர் எழுப்பாமல் நாற்று நடுவதில்லை என்பது நம் மலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிருமித்தொற்று, கட்டுக்குள் வராத சர்க்கரை, பீடி, சிகரெட் ஆகியவற்றையும் ஊசி ஈடுகட்டாது.

ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றம் போன்றவை நீங்கலாக, குருத்தணுச் சிகிச்சையை ஆய்வாகவே கருத வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் தந்த வழிகாட்டுதல். ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், நோயாளியிடம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது. பிரசுரத்தில் விலை மட்டும் தெளிவாக இருந்தது.

அந்த அம்மாவின் முறிவில் முன்பே பொருத்தியிருந்த உலோகத் தகட்டின் திருகுகள் தளர்ந்திருந்தன. தகட்டை மாற்றி, இடுப்பெலும்பிலிருந்து அவருடைய எலும்பையே எடுத்து இடைவெளியில் வைத்தோம். அணு, சாரம், புரதம் மூன்றும் அதிலேயே இருப்பதால் இன்றுவரை மற்றவற்றை அதோடுதான் ஒப்பிடுகிறோம். எடுத்த இடத்து வலி முறிவின் வலியைவிடப் பல வாரம் அவரை வாட்டியது. அந்த வலியைத் தவிர்க்கத்தான் ஆய்வாளர்கள் சாரத்தின் பின்னே அலைகிறார்கள். ஏழாம் மாதப் படத்தில் இடைவெளி மூடியிருந்தது. இப்போது அவர் சரிவுக்குப் போவதில்லை, இலை எடை போடும் இடத்தில் வேலை பார்க்கிறார்.