நெஞ்சில் குத்திய நட்சத்திரம்

பெரியவர்களுக்கும் மாணவக் கண்ணுகளுக்கும் வணக்கமுங்க.

கடல் இல்லாத கொங்கு நாட்டில் கடற்படையைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர் நடந்த 1942-இல் நம் பீளமேட்டிலேயே பிரிட்டிஷ் கடற்படைக்கு விமானம் பழுதுபார்க்கும் தளம் இருந்தது. 'கருடா' என்று அதற்குப் பெயர்.

அந்தப் போரில் கப்பலில் போன மருத்துவ உதவியாளரைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். 'சிக் பெர்த் அட்டென்டன்ட்' என்பது அவருடைய பதவி. பெரிய கப்பலில் டாக்டர் இருப்பார். கடலில் போட்ட கண்ணிவெடிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பல் மாதிரி சின்னக் கப்பல்களில் பெரும்பாலும் கிடையாது. காய்ச்சலோ எலும்பு முறிவோ தீக்காயமோ, எல்லாம் இவர் ஒருவர் தலையில்தான். சண்டை மூண்டால் அதிகாரிகள் சாப்பிடுகிற மேசையில் அடிபட்டவனைக் கிடத்துவார்கள். கப்பல் ஆடிக்கொண்டிருக்கும். மேல்தளத்தில் என்ன நடக்கிறதென்று தெரியாது. ரத்தம் நிற்க இறுக்கிக் கட்ட வேண்டும், வலியை அடக்கும் 'மார்ஃபின்' மருந்தை ஊசியாகப் போட வேண்டும், போட்டதைக் குறித்தும் வைக்க வேண்டும். தெரியாமல் இன்னொருவர் மறுபடி போட்டால் மூச்சே நின்றுவிடலாம். இவ்வளவையும் இருபது வயதுப் பையன்கள் செய்தார்கள்.

சரி, பதக்கத்துக்கு வருவோம். போர்முனைக் கடலில் 180 நாள் இருந்தால் '1939-45 ஸ்டார்' என்ற நட்சத்திரப் பதக்கம். வங்காள விரிகுடாப் பக்கம் போனவர்களுக்கு 'பர்மா ஸ்டார்'. முழுநேரப் படையில் 28 நாள் இருந்தாலே 'வார் மெடல்'. பீரங்கி சுட்டவருக்கும் கட்டுப் போட்டவருக்கும் ஒரே நட்சத்திரம்தான். ஆள் எந்தக் கடலில் இருந்தார் என்பதை அது சொல்லும், எத்தனை உயிரைப் பிடித்து நிறுத்தினார் என்பதைச் சொல்லாது. வீரத்துக்கென்று தனிப் பதக்கம் இருந்தது உண்மை. ஆனால் அதற்கு மேலதிகாரி பரிந்துரை எழுத வேண்டும். கீழ்த்தளத்தில் நடந்ததை எந்த அதிகாரி நின்று பார்த்தார்? இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் கடற்படையில் இந்தப் பதக்கங்கள் தானாக வீடு தேடி வரவில்லை. விண்ணப்பம் போட்டுக் கேட்டு வாங்க வேண்டும். வேலை, குடும்பம் என்று திரும்பிய பலர் கேட்கவே இல்லை. கேட்டு வாங்கிய நட்சத்திரத்திலும் பேர் பொறித்திருக்காது. அதனால் ஒருவருடைய சேவையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், பதக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள், கண்ணுகளா. எந்தெந்தக் கப்பலில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார் என்று அவருடைய சேவைப் பதிவேட்டில் இருக்கும். அதை முதலில் தேடுங்கள்.